முப்பத்தொரு சதவீதம்

மே மாதத்தில் மரக்காணத்துக்கு வருகிறேன் என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று தடுப்பதுதான் மரியாதை. டிசம்பர் கடைசியில் வரச் சொல்லலாம். மழை விட்டிருக்கும், காற்று நன்றாக இருக்கும், மீனும் மலிவு. கத்திரி வெயிலில் இந்த ஊர்க்காரர்களே பத்து மணிக்கு மேல் வெளியே தலை காட்டுவதில்லை. உப்பளத்தில் விடியுமுன் இறங்குகிறவர்கள் பத்து, பத்தரைக்குக் கரையேறிவிடுவார்கள். இதையெல்லாம் நான் கௌதமனிடம் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேனா என்று கேட்டீர்கள். மறக்கவில்லை.

உங்கள் ரைட்டர் வேகமாக எழுதச் சிரமப்படுகிறார், அதனால் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். என் பெயர் ஜோசப்பின். வயது ஐம்பத்திரண்டு. இந்த ஊர்தான். அப்பா உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தார். பாண்டிச்சேரியில் இயற்பியல் படித்தேன். இருபத்தாறு வருஷமாகப் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. பழைய வீட்டில் இப்போது என் தங்கை சகாயசெல்வி இருக்கிறாள். அவளுக்கு இதில் சம்பந்தமில்லை. அன்று நான் சாப்பிட வருவேன் என்று மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தாள், அவ்வளவுதான்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இன்ஸ்பெக்டர். பொறுத்துக்கொள்ளுங்கள். விண்வெளியில் எங்களுடைய தொலைநோக்கி ஒன்று பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குள் ஸ்பெக்ட்ரோகிராஃப் என்று ஒரு கருவி. நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு என்று அளக்கும். கண்ணுக்குத் தெரியாத புறஊதா வெளிச்சத்தைக்கூட அளக்கும். அதற்குத் தலைமை நான். பதினோரு வருஷம் அதை நான் கட்டினேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று இந்த ஊரில் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

கருவி மேலே போன பிறகு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? போய்ப் பார்க்க முடியாது. அதனால் மாதம் ஒருமுறை ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்வோம். வயதாகி அணைந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன வெள்ளை நட்சத்திரம். நம் ஆயுளுக்குள் அதன் வெளிச்சம் கூடாது, குறையாது. போன மாதம் ஆயிரம் வந்த இடத்தில் இந்த மாதம் தொள்ளாயிரம் வந்தால், குறைந்தது நட்சத்திரம் இல்லை, நம் கருவி. சந்தேகப்படுவதுதான் என் தொழில் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வேன். எந்த எண்ணையும் முதலில் நம்பக் கூடாது.

மேலே போன முதல் ஆறு மாதம், நாங்கள் எழுதிக் கொடுத்ததைவிடக் கருவி நன்றாகவே வேலை செய்தது. நட்சத்திர வெளிச்சத்தைப் பிரிக்கும்போது விழுகிற கோடுகளில் ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டை அது தனித்தனியாகக் காட்டியபோது வெளிநாட்டிலிருந்து பாராட்டி எழுதினார்கள். ஏழாவது மாதம் புறஊதாக் கடைசியில் வெளிச்சம் ஏழு சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து வருஷத்துக்கும் சேர்த்துப் பத்துக்கு மேல் குறையாது என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு மாதமும் குறைந்தது. இருபத்தெட்டாவது மாதம் முப்பத்தொரு சதவீதம்.

இப்படிக் குறைவது குற்றமில்லை. உலகத்தில் எல்லாக் கருவிக்கும் நடக்கும். குறைந்த அளவைக் கணக்கில் எடுத்து, கேலிப்ரேஷன் ஃபைல் என்ற ஒரு பட்டியலைத் திருத்த வேண்டும். திருத்திய தேதியையும் காரணத்தையும் போட்டு எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். நான் பட்டியலைத் திருத்தினேன். தேதியை மட்டும் பழைய தேதியாகவே விட்டுவைத்தேன். தெரிவிக்கவில்லை. மாத அறிக்கையில் இரண்டு சதவீதம் என்று எழுதினேன். வரைபடத்தில் கோடு நேராக ஓடியது. அந்தக் கோட்டை நம்பி, கருவிக்கு முழுப் பார்வை இருக்கிறது என்று நினைத்து, ஆட்கள் மங்கலான நட்சத்திரங்களைப் பார்க்க நேரம் கேட்டார்கள். பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. அங்கே ஒன்றுமில்லை என்று கட்டுரை எழுதினார்கள். நட்சத்திரங்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஏன் தெரிவிக்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதிக்கொள்கிறீர்கள். சொல்கிறேன்.

கருவிக்குள் ஒரு கண்ணாடி உண்டு. அதன் மேல் பூசியிருப்பது ஒருவகை உப்பு. நம் ஊர் உப்பு மாதிரியே அதற்கும் ஈரம் ஆகாது. ஏவுவதற்கு முன்னால் இரண்டு வருஷம் அந்தக் கண்ணாடியை ஒரு பெட்டியில் வைத்து, உலர்ந்த நைட்ரஜன் வாயுவை விடாமல் செலுத்திக்கொண்டே இருந்தோம். பெட்டிக்குள் ஈரம் காட்டும் அட்டை ஒன்று இருக்கும். காய்ந்திருந்தால் நீலம், ஈரம் பட்டால் ரோஸ். சிலிண்டர் தீர்வதற்குள் மாற்ற வேண்டும், காலையும் மாலையும் பார்த்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரு நவம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை என் முறை. அன்று இங்கே கோயிலில் தங்கை மகள் ஆஷ்லினுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள். நான்தான் ஞானத்தாய். சனிக்கிழமையே ஞாயிறுக்கும் சேர்த்து இரண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். சிலிண்டரில் திங்கள் வரை வாயு இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெங்களூரில் அன்று முழுக்க மழை. திங்கள் காலை நான் போய்ப் பார்த்தபோது சிலிண்டர் காலி. அட்டை ரோஸ்.

டிராயரில் புது அட்டை இருந்தது. மாற்றினேன். ஒரு நிமிஷ வேலை.

அங்கே இருசப்பன் என்று ஒரு டெக்னீஷியன். உங்களுக்கு அவரைத் தெரியும், நேற்று முழுக்க இந்த ஸ்டேஷனில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் நம் ஊர்தான். பம்ப் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கை சுத்தம் பார்த்து நான்தான் காண்ட்ராக்டில் சேர்த்துவிட்டேன். அன்று மத்தியானம் அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அட்டை ஓரத்துல நான் பேனாவுல தேதி போட்டு வெச்சிருந்தேங்க மேடம். இதுல இல்லையே.”

பழையது கிழிந்துவிட்டது என்றேன். “சரிங்க மேடம்” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்படிச் சும்மா இருக்கிற ஆளை எப்படி நம்புவது? அடுத்த நான்கு மாதம் அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அட்டையைத்தான் நினைக்கிறார் என்று தெரிந்தது. காண்ட்ராக்ட் புதுப்பிக்கும் தாளில் கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதினேன். அவர் ஊருக்குத் திரும்பி உப்பளத்தில் பம்ப் ஷெட் பார்க்கப் போனார். அது அவருக்கும் நல்லதுதான். குடும்பம் இங்கே இருக்கிறது.

தரையில் செய்த சோதனைகளில் கண்ணாடி தப்பித்துவிட்டது. மேலே போய்த்தான் மெதுவாகக் கெட்டது. முப்பத்தொரு சதவீதம் என்று நான் வாய் திறந்திருந்தால் கமிட்டி போடுவார்கள். கமிட்டி முதலில் கேட்பது ரெஜிஸ்டர். அதில் ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து இருக்கிறது. அன்று கோயிலில் ஆஷ்லின் பக்கத்தில் நான் மெழுகுவத்தியோடு நிற்கிற போட்டோவும் இருக்கிறது. அடுத்த தொலைநோக்கிக்கு அனுமதி வரும் சமயம். அதற்கும் என் பெயர்தான் போயிருந்தது.

இனிமேல் கௌதமன்.

முப்பத்தொரு வயது. சேலம் பக்கம். எங்களிடம் சேர்ந்து மூன்று வருஷம். நன்றாக வேலை செய்வான், கொஞ்சம் கூச்சம். எனக்குக் கீழேதான் இருந்தான். மார்ச் மாதம் அவன் ஒரு காரியம் செய்தான். மாதாந்திர நட்சத்திரத்தை விட்டுவிட்டு, முதல் மாதமும் இருபத்தெட்டாவது மாதமும் தற்செயலாக யாரோ பார்த்திருந்த வேறொரு நட்சத்திரத்தை எடுத்தான். ஃபைலைச் சேர்க்காமல் கருவி அனுப்பிய எண்களை அப்படியே வைத்து ஒப்பிட்டான். குறைந்தது பளிச்சென்று தெரிந்திருக்கும். யாரும் சொல்லி அவன் அதைச் செய்யவில்லை. வேறு வேலைக்காகச் செய்ததாகச் சொன்னான்.

என் அறைக்கு வந்து, “மேடம், கேலிப்ரேஷன் ஃபைலை யாராச்சும் தொட்டாங்களா?” என்று கேட்டான்.

இல்லையே, ஏன் என்றேன். ஒன்றுமில்லை, என் கணக்கில்தான் தப்பு இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து நான் அவனைக் கவனித்தேன். நான் பக்கத்தில் போனால் லேப்டாப்பை மூடினான். முன்பெல்லாம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன், தனியாகக் கேன்டீனுக்குப் போனான். ஃபைலை யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவைக் கம்ப்யூட்டர் நிர்வாகியிடம் கேட்டு வாங்கியிருக்கிறான். அதில் ஒவ்வொரு மாதமும் என் லாகின் இருக்கும். அவன் அதைப் பார்த்த பிறகும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வணக்கம் சொன்னான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தான். அந்த மாத்திரையை நான் போடவில்லை.

மே மாதம் இரண்டு நாள் லீவு கேட்டான். எங்கே என்றேன். பாண்டிச்சேரி, ஃப்ரெண்டு வீடு என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் மூன்று வருஷத்துக்குப் பிறகு இருசப்பன் எனக்குப் போன் செய்தார்.

“மேடம், நல்லா இருக்கீங்களா? உங்க ஆபீஸ் தம்பி ஒருத்தரு, கௌதமன்னு, என்னைப் பாக்க வர்றேன்னாரு. அப்போ லேப்ல யார் யார் இருந்தாங்கன்னு கேக்கணுமாம். நான் என்னாங்க சொல்லணும்?”

அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அட்டையும் ஃபைலும் ஒரே இடத்தில் சந்திக்கப் போகின்றன. இருசப்பனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், நானே தம்பியிடம் பேசிக்கொள்கிறேன் என்றேன். பிறகு அவர் வேலையைப் பற்றி விசாரித்தேன். ஷெட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டேன். பத்தரைக்கு மேல் அங்கே ஈ காக்கா இருக்காது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவேன் என்றார். இந்த வெயிலில் மத்தியானம் வெளியே வராதீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சந்தோஷப்பட்டார்.

முதலில் உங்களிடம் எழுதிக் கொடுத்ததில், தற்செயலாகப் பஸ் நிறுத்தத்தில் கௌதமனைப் பார்த்தேன் என்று சொல்லியிருந்தேன். அது சரியில்லை. பத்து மணியிலிருந்து நான் அங்கே காரில் இருந்தேன். பதினொன்று நாற்பதுக்கு அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். என்னைப் பார்த்ததும் திகைத்துப் போனான். தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படித்தான் இருந்தது. நீ வருவதை இருசப்பன் சொன்னார், அவரைப் பார்க்கத்தானே, வா, நானே கூட்டிக்கொண்டு போகிறேன், ஷெட்டில்தான் இருக்கிறார் என்றேன். கொஞ்சம் தயங்கி ஏறினான்.

கார் போகிற வரைக்கும் போய், கரையில் நிறுத்தினேன். அவன் தோளில் பை இருந்தது, பக்கத்து வலையில் தண்ணீர் பாட்டில். “பையை எதுக்குத் தூக்கிட்டு வர்ற, இதோ பக்கத்துலதான்” என்றேன். பின் சீட்டில் வைத்தான். கரையிலிருந்து ஷெட்டுக்கு நேர் வரப்பில் பத்து நிமிஷம். நான் அவனைச் சுற்று வரப்பில் கூட்டிப் போனேன். நாற்பது நிமிஷம். என்னிடம் குடை இருந்தது, ஒரு ஆளுக்கு மட்டும்தான் போதும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. சின்ன வயதிலேயே வந்துவிட்டது. உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுகிற மாத்திரை சாப்பிடுகிறான், வெயில் ஆகாது. போன வருஷம் ஒரு கருத்தரங்கில் மயங்கி விழப் போனபோது அவனே என்னிடம் விளக்கமாகச் சொன்னான். நான்தான் அன்று அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு உப்பளம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலேயும் வெயில், கீழேயும் வெயில். எங்கும் ஒரு ஆள் இல்லை. ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் மட்டும். பாதி வழியில் அவன் நின்றான். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

“மேடம், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

சொல் என்றேன்.

“உங்க லாகின்ல வேற யாரோ உள்ள போறாங்க மேடம். ரெண்டு வருஷமா ஃபைலை மாத்துறாங்க. உங்க பேரைக் கெடுக்கத்தான் பண்றாங்கன்னு நினைக்கிறேன். லேப்ல கையில கிளவுஸ் இருக்குதுன்னு பாஸ்வேர்டை நீங்க வாய்ல சொல்லுவீங்களாம், இருசப்பன் அண்ணன் டைப் பண்ணுவாராம். பழைய ஆளுங்க சொன்னாங்க. அப்போ வேற யார் யார் காதுல அது விழுந்துச்சுன்னு கேக்கத்தான் வந்தேன். முடிவு தெரியாம உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன். தப்பா நெனச்சிக்காதீங்க.”

நான் நடந்துகொண்டே யோசித்தேன். இரண்டே சாத்தியம். ஒன்று, அவன் உண்மையாகவே அப்படி நம்புகிறான். அப்படியென்றால் பெங்களூர் திரும்பியதும் இயக்குநரிடம் சொல்வான், அவர் இவன் மாதிரி இல்லை, ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொள்வார். இன்னொன்று, அவனுக்கு எல்லாம் தெரியும், நான் என்ன சொல்கிறேன் என்று ஆழம் பார்க்கிறான். இரண்டாவதுதான் என்று எனக்குப் பட்டது. எதுவாக இருந்தாலும் எனக்கு வருகிற விடை ஒன்றுதான். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் அதற்கு மேல் கணக்குப் போடத் தேவையில்லை.

“நல்ல வேளை, சொன்ன. வா, இருசப்பன்கிட்டயே கேட்டுடலாம்” என்றேன்.

ஷெட் பூட்டியிருந்தது. சாப்பிட்டுத் தூங்கப் போயிருப்பார், எழுந்து வந்துவிடுவார் என்றேன். தகரக் கூரை, தகரச் சுவர். அந்த நேரத்தில் நிழல் ஒரு சாண் அகலம்தான் இருக்கும். அதில் அவன் சுவரை ஒட்டி உட்கார்ந்தான். தலை சுற்றுகிறது என்றான். வியர்வை நின்றுபோயிருந்தது, முகம் சிவந்து காய்ந்திருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குத் தெரியும், இந்த ஊரில் பிறந்தவர் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் போன் இருந்தது. சிக்னலும் இருந்தது.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். காரில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன், நீ இங்கேயே இரு, நடக்காதே என்றேன். சரி என்று தலையாட்டினான். அப்போது மணி ஒன்று ஐந்து. திரும்பும்போது நேர் வரப்பில் வந்தேன்.

காரில் ஏறி இன்ஜினைப் போட்டு, ஏசியை வைத்தேன். இரண்டு பெரிய பாட்டில் இருந்தன. ஒன்றிலிருந்து கொஞ்சம் குடித்தேன். அவ்வளவு நேரம் உள்ளே உட்கார்ந்து என்ன செய்தீர்கள் என்று நீங்கள் நேற்று மூன்று தரம் கேட்டீர்கள். எனக்கும் மயக்கமாக இருந்தது என்று சொன்னேன். மயக்கம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஷெட் தெரிந்தது, அந்தப் பக்கச் சுவரில் அவன் இருந்ததால் ஆள் தெரியவில்லை. ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன். பத்து நிமிஷம் சேர்த்து வைத்துக்கொண்டேன். எந்த அளவிலும் கொஞ்சம் தாராளமாக வைப்பது வழக்கம்.

தங்கை போன் செய்தாள். குழம்பு ஆறுகிறது, எங்கே இருக்கிறாய் என்றாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன்.

அவன் இருசப்பனுக்குப் பேசுவான் என்று நான் நினைக்கவில்லை. கையில் தெம்பு இருக்காது என்று நினைத்திருந்தேன். ஒன்று இருபதுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். நீங்கள் அதை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நாக்கு குழறித்தான் இருந்தது, ஆனால் புரிந்தது.

“அண்ணே, உங்க ஷெட்டாண்டதான் இருக்கேன். கொஞ்சம் முடியல. அவசரமில்ல, நீங்க தூங்கி எழுந்து வாங்க. மேடம் தண்ணி எடுத்தாரப் போயிருக்காங்க, இதோ வந்துடுவாங்க.”

இருசப்பன் எழுந்து அதைக் கேட்டபோது மணி இரண்டு பத்து. பைக்கில் கரையோடு வந்தார். என் காரைத் தாண்டித்தான் போனார். உள்ளே நான் இருப்பதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை, நான் அவரைப் பார்த்தேன். ஷெட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் அதே வரப்பில் திரும்பி ஓடி வந்தார். கண்ணாடியைத் தட்டினார். நான் இறக்கினேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று அவர் முகத்தில் பட்டிருக்கும். ஒரு நொடி நின்றார். பின் சீட்டில் பாட்டில்களைப் பார்த்தார்.

“தண்ணி குடுங்க மேடம்” என்றார்.

கொடுத்தேன். ஆம்புலன்ஸுக்கு அவர்தான் பேசினார். தண்ணீரை அவன் தலையிலும் மார்பிலும் ஊற்றி, சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டே இருந்தார். நான் போய்க் குடையைப் பிடித்தேன். அப்போது அவனுக்கு மூச்சு இருந்தது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் நின்றது. அவன் அப்பா மறுநாள் சேலத்திலிருந்து வந்தார். பிணவறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்களேம்மா” என்றார். ஆமாம் என்றேன்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். கௌதமனை நான் கொன்றேன். அவனை நான் தொடவில்லை, தள்ளவில்லை, எதையும் கலந்து கொடுக்கவில்லை. எழுபது நிமிஷம் தண்ணீர் கொண்டுபோகாமல் இருந்தேன். போகக் கூடாது என்று முடிவெடுத்துத்தான் இருந்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

காலையில் நீங்கள் எனக்கு ஒரு காகிதம் காட்டினீர்கள். அவன் பையில் இருந்ததாகச் சொன்னீர்கள். எனக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில், அந்தப் பை எழுபது நிமிஷமும் இருந்திருக்கிறது. ஆபீஸ் மெயிலை யாரோ படிக்கிறார்கள் என்று பயந்து கையால் எழுதியிருக்கிறான். இயக்குநருக்கு, இன்னும் அனுப்பாத கடிதம். ஃபைலை மாற்றியது எல்லாமே ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் என்றும், அந்த நேரத்தில் மேடம் பூசையில் இருப்பார், அது எல்லோருக்கும் தெரியும், அதனால் அது அவராக இருக்கவே முடியாது என்றும் எழுதியிருக்கிறான். கருவியில் ஏற்பட்ட இழப்புக்கு அவரைப் பொறுப்பாக்கக் கூடாதாம். ஆள் யார் என்று தெரியும்வரை அவர் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தெரிந்தால் உடைந்துபோவாராம்.

நான் பூசைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பூசைக்குப் போகிறேன் என்று சொல்வது மட்டும்தான். அதை அவன் விசாரித்திருக்கலாம். என் வீட்டிலிருந்து கோயில் கூப்பிடு தூரம். போய் ஒரு தரம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். பார்க்கத் தோன்றாத அளவுக்கு என்னை நம்பினான் என்கிறீர்கள்.

மூன்று தரம் படித்துவிட்டேன், இன்ஸ்பெக்டர். ஒரு ஆள் இன்னொரு ஆளை இவ்வளவு நம்ப முடியாது. அந்தக் கடிதத்தை அவன் இயக்குநருக்காக எழுதவில்லை. என்றைக்காவது என் கண்ணில் பட வேண்டும், நான் இளகி வாய் திறக்க வேண்டும் என்று எழுதிப் பையில் வைத்திருக்கிறான். அவன் என்னைச் சந்தேகப்பட்டான் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். மறக்காமல் அதை வாக்குமூலத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள்.